மாடி வீட்டுக்காரியின் பள்ளிக்கூடம்

வாலுவுக்கு ஏழெட்டு எவ்வளவு என்று தெரியவில்லை.

"தெரியல பெரியம்மா," என்றாள். கையில் ஆரஞ்சுச் சுளை. முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

பெரியம்மா தன் மகளைப் பார்த்தாள். பாப்பு தலை நிமிராமல் சொன்னாள்: "அம்பத்தாறு."

"பாத்தியா," என்றாள் பெரியம்மா, பொதுவாக.

துணி மடித்துக்கொண்டிருந்த வாலுவின் அம்மா சிரித்தாள். வாலு சுளையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "ஏழேழு நாப்பத்தொம்பது வரைக்கும் தெரியும். அதுக்கு மேல இன்னொரு ஏழு வேணும். இருங்க," என்று விரல்களை விரித்தாள். முணுமுணுத்தாள். ஒரு விரலை இரண்டு முறை எண்ணி, அதைக் கழித்துவிட்டு வந்து சேர்ந்தாள். "அம்பத்தாறு! பாப்பு சொன்னது சரிதான்."

"விரல் விட்டு எண்ணுது பாரு."

"இருக்கிற விரலத்தானே அக்கா விடுது," என்றாள் வாலுவின் அம்மா. மறுபடியும் சிரித்தாள்.

பெரியம்மாவும் வாலுவின் அம்மாவும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மூத்தவளுக்குக் கீழ் வீடு, இளையவளுக்கு மாடி. பிள்ளைகள் இரண்டும் ஒரே வயது. பாப்பு வேனில் ஏறி, கழுத்தில் டை கட்டிக்கொண்டு, பேர்போன பள்ளிக்குப் போனாள். வாலு தெருமுனையில் இருந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். சில நாள் ஓடிப்போனாள்.

தெரியவில்லை என்று சொன்னதில் அந்தப் பெண்ணுக்கு வெட்கம் இருந்திருக்க வேண்டும். பெற்றவளுக்காவது இருந்திருக்க வேண்டும். இருவருக்கும் இல்லை. அதுதான் மூத்தவளுக்கு ஆறவில்லை.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம் எடுப்பாள். நரம்பு சட்டென்று கைக்குப் பிடிபட்டுவிடும். குத்தியதே தெரியவில்லை என்று வருகிறவர்கள் சொல்வார்கள். மறுநாள் காலைக் கூட்டம் ஓய்ந்ததும், சீட்டு எழுதுகிற பெண்ணிடம் ஏழெட்டுக் கதையைச் சொன்னாள்.

"அப்புறம் அந்த ஸ்கூல்ல என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க?"

"தெரியலன்னு சொல்லச் சொல்லிக் குடுக்கறாங்க," என்றாள் மூத்தவள்.

சீட்டு எழுதுகிற பெண் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அடுத்து வந்த டாக்டரிடமும் அதைச் சொல்லவைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

சொல்லாமல் விட்டதும் உண்டு. வாலு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பாள். "பின்விளைவுன்னா என்ன பெரியம்மா? முன்விளைவு உண்டா?" என்பாள். மூத்தவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாலையில் கூரை வழியாக அந்தக் குரல் இறங்கும். பள்ளியில் யார் விழுந்தார்கள், யார் யாரோடு டூ விட்டார்கள், சார் எதற்குத் தும்மினார், எல்லாம் வரும். இளையவளின் தையல் மெஷின் நடுநடுவே நின்று கேட்கும். பிறகு ஓடும். பாப்புவின் வேன் அதற்குப் பிறகு வரும். பாதி நாள் தூக்கத்திலேயே இறங்குவாள். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து?"

"அதான்மா சொன்னேனே. ஒண்ணுமில்ல."

மூத்தவள் பைக்குள் கைவிட்டு சாப்பாட்டு டப்பாவை எடுப்பாள். மேலே சிரிப்புக் கேட்கும். இவள் குழாயைத் திறந்துவிடுவாள். டப்பாவைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

பாப்புவின் பள்ளி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. விடுமுறை முடிந்து அங்கேதான் திறப்பார்கள். நீச்சல் குளம் இருந்தது. வேன் விடியும் முன்பே வர வேண்டியிருக்கும்.

"பிள்ள தூங்க வேணாமா?" என்றான் கணவன்.

"வேன்ல தூங்குவா."

"இப்பவே அதத்தான் செய்யறா." அவன் செருப்பைத் துடைத்துக்கொண்டே பேசினான். "தெருமுனையில ஒரு ஸ்கூல் இருக்கு. வாலு போறா. அவளுக்கு என்ன குறைச்சல்?"

"ஏழெட்டு தெரியல."

"எனக்கும்தான் தெரியாது. என்னக் கட்டிக்கிட்டியே."

"கட்டறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

அவன் சிரித்துவிட்டு, மற்ற செருப்பை எடுத்தான். "இந்த மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும். நீயே சொல்லு. இங்கயா, அங்கயா?"

"பாத்துட்டு சொல்றேன்."

"என்னத்தப் பாக்கப் போற?"

"பாக்க வேண்டியத."

தெருமுனைப் பள்ளிக்கூடம் மோசமாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். மோசமாக இருந்தால் பாப்பு வேனில் போவாள், தான் செய்தது சரி. நன்றாக இருந்தால் மாடி வீட்டுக்காரி இரண்டு வருஷமாகச் சரி. பெண் வேனில் தூங்கிப் போவதைவிட அது பெரிதா என்று கேட்டுப் பார்த்தாள். பதில் பிடிக்கவில்லை. கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

அரை நாள் விடுப்பு எடுத்தாள். இளையவளிடம் சொல்லவில்லை. வேலைக்குப் போவதுபோலவே பையை மாட்டிக்கொண்டு போனாள்.

பள்ளியின் கேட் திறந்திருந்தது. அதை முதல் குறையாக எடுத்துக்கொண்டாள். முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"யாரப் பாக்கணும்?"

"ஸ்கூலப் பாக்கணும்."

"பாருங்க. அதோ நிக்குது."

தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்றார்கள். ஆள் சிறியவள். அறையில் நசுங்கிய பூமி உருண்டை ஒன்று, மறந்துவிட்டுப் போன குடைகள் ஒரு குவியல். சிக்கிக்கொண்ட ஸ்டேப்ளரைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"யாரச் சேக்கணும்?"

"என் பொண்ண. இன்னும் முடிவு பண்ணல. பாத்துட்டுத்தான்."

"அதுதான் சரி. முடிவு பண்ணிட்டு வந்தா ஒண்ணும் கண்ணுல படாது."

மூத்தவள் பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"போய்ப் பாருங்க. நான் கூட வரல. நான் வந்தா பிள்ளைங்க ஒழுங்கா உக்காந்துடும்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பாப்புவின் பள்ளியில் வரவேற்பறை வரைக்கும்தான் விடுவார்கள். அங்கே பெரிய மீன்தொட்டி இருக்கும். சேர்க்கப் போன அன்று அந்த மீன்களைப் பார்த்துத்தான் மனம் நிறைந்தாள். வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

முதலில் கழிப்பறைக்குப் போனாள். ஒரு பரிசோதனை நிலையம் எப்படிப்பட்டது என்று தெரிய வாசல் சோபாவைப் பார்த்துப் பயனில்லை. குப்பைக் கூடையையும் கழிப்பறையையும் பார்க்க வேண்டும். இது அவள் தொழிலில் கற்றது. மூக்கைச் சுருக்கி வைத்துக்கொண்டே நுழைந்தாள். சுருக்கியது வீண். தரை ஈரமாக இருந்தது, கழுவிய ஈரம். ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை. அதற்குப் பதில் கயிறு கட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

தாழ்ப்பாள் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நடையில் ஒரு மின்விசிறி ஓடவில்லை. சுவரில் விரிசல், முழங்கை நீளம். புத்தக அலமாரிக்குக் கதவே இல்லை, புத்தகங்களின் முனை கிழிந்திருந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தாள். கிழிந்த இடமெல்லாம் ஒட்டியிருந்தது. ஒட்டிய இடமும் கிழிந்து மறுபடி ஒட்டியிருந்தது. திருப்பி வைத்தாள். அதைக் குறையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. விரிசலை மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

வாலுவின் வகுப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரைச்சல் அங்கிருந்துதான் வந்தது. பின்பக்க ஜன்னலோரம் நின்றாள்.

ஒல்லியான வாத்தியார். ஜலதோஷம். கைக்குட்டையும் சாக்பீஸும் ஒரே கையில். கரும்பலகையில் கழித்தல் கணக்கு: நானூற்று மூன்றிலிருந்து நூற்று ஐம்பத்தெட்டு. கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"யாருக்குத் தெரியல?" என்றார்.

கைகள் எழுந்தன.

"எனக்குத் தெரியல சார்!"

"எனக்கும் தெரியல சார்! நேத்தே தெரியல சார்!"

"சார், எனக்குத்தான் சார் சுத்தமா தெரியல!"

அவர் ஒரு பையனைக் காட்டினார். பையன் வெற்றியோடு எழுந்து போய் சாக்பீஸை வாங்கிக்கொண்டான்.

"எது வரைக்கும் தெரியும்?"

"மூணுலேருந்து எட்டு போகாது. பக்கத்துல வாங்கணும். பக்கத்துல சைபர். அவன்கிட்டயும் இல்ல."

"ஆக, எது வரைக்கும்?"

"சைபர் வரைக்கும் சார்."

வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார். பையன் தான் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தான். "கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரு?" என்றார் வாத்தியார். வாலு எழுந்தாள்.

"சைபர்கிட்ட இல்லன்னா அவன் அவனுக்குப் பக்கத்து வீட்ல வாங்கித்தான் குடுக்கணும் சார்." போய், நான்கை அடித்து மூன்றாக்கினாள். சைபரைப் பத்தாக்கினாள். அங்கே நின்றாள். தலையைச் சொறிந்தாள். "இப்ப பத்து வந்துடுச்சு. இதுக்கு மேல தெரியல."

"ஏன் தெரியல?"

வாலு யோசித்தாள். வாத்தியார் காத்திருந்தார். தும்மல் வந்தபோது கையைக் காட்டி, யோசி, யோசி என்று சைகை செய்துவிட்டு, திரும்பித் தும்மினார். மறுபடி அவள் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"பத்து வாங்கினது யாருக்குன்னு மறந்துட்டேன் சார்," என்றாள் வாலு.

"அப்படி வா. மூணுக்கா, சைபருக்கா? யாருக்குத் தெரியும்?"

மூன்றாவதாக ஒரு பெண் போய் முடித்தாள். இருநூற்று நாற்பத்தைந்து. கரும்பலகையில் விடையைவிடக் கோடுகள் பளிச்சென்று இருந்தன.

மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வரைக்கும் போன அவளுடைய நகைச்சுவை நினைவுக்கு வந்தது. அது நகைச்சுவையே இல்லை. பாடத்திட்டம்.

வாலு கணக்கைப் போட்டிருந்தால் பொறுத்திருப்பாள். பாப்புவும் போடுவாள். ஆனால் ஒரு மனிதர் ஜலதோஷத்தோடு நின்று, ஒரு சின்னப் பெண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று அவளே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். பாப்புவுக்காக யார் அப்படிக் காத்திருந்தார்கள்? தானும் இல்லை. அந்தத் தலைசாய்ப்பை வாலுவிடமிருந்து பிடுங்கித் தன் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

போகும்போது பெரிய டீச்சரின் அறையில் எட்டிப் பார்த்தாள். ஸ்டேப்ளர் இரண்டாகக் கழன்று கிடந்தது.

"இந்த வகுப்புல எத்தன பிரிவு?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணேதானா?"

"ஏன், போதாதா?"

"இல்ல... சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு இருக்கு. வேற வேறயா இருந்தா நல்லதுன்னு பாத்தேன்."

பெரிய டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பொண்ணுக்கும் நல்லதா, ரெண்டு அம்மாவுக்கும் நல்லதா?"

"தாழ்ப்பாள் ஒண்ணு இல்ல," என்றாள் மூத்தவள்.

"தெரியும். கேட்டிருக்கோம்."

அன்று மாலை பாப்பு வேனிலிருந்து இறங்கி, டையைக் கழற்றும் முன்பே மூத்தவள் கேட்டாள்:

"ஏழெட்டு எவ்வளவு?"

"அம்பத்தாறு."

"எட்டேழு?"

பாப்பு விழித்தாள். "எட்டாம் வாய்ப்பாடு இன்னும் நடத்தலம்மா."

"சரி. தெரியலன்னு சொல்லு."

"தெரியும். மறந்துட்டேன்."

"நடத்தலன்னு இப்பதான் சொன்ன?"

பாப்புவின் கை டையை முறுக்கியது. "தெரியலன்னா நிக்க வெப்பாங்க."

"இங்க யாரு நிக்க வெக்கப் போறா? உக்காந்துதான் இருக்க."

பாப்பு உட்கார்ந்துதான் இருந்தாள். எழுந்து நின்றாள்.

மூத்தவள் அவள் டையைக் கழற்றினாள். முடிச்சு இறுகியிருந்தது. நெடுநேரம் பிடித்தது.

கணவனிடம், "இங்கயே சேத்துடலாம்," என்றாள்.

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

"தம்பிகிட்ட சொல்லவா?"

"நானே மேல போய்ச் சொல்றேன்."

சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். இளையவள் சிரிப்பாள். நான் அப்பவே சொன்னேனே அக்கா என்பாள். சொல்லாவிட்டாலும் கண் சொல்லும். கட்டிப்பிடித்தாலும் பிடிப்பாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் மாடிப்படி ஏறினாள்.

இளையவள் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேண்ட்டுக்கோ கால் குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துத் துணிகளில் அளவு மாற்றுவதும் ஜிப் மாற்றுவதும் அவள் வேலை. மூத்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"பாப்புவ தெருமுனை ஸ்கூல்ல சேக்கப் போறேன்."

மெஷின் நின்றது.

"எங்க ஸ்கூல்லயா?" என்றாள் இளையவள்.

எங்க. நம்ம வீடு, நம்ம தண்ணித்தொட்டி, நம்ம கீழ் வீட்டுக் குழாய் என்று எல்லாவற்றுக்கும் நம்ம போடுகிறவள். மூத்தவளின் சம்பள நாளைக்கூட நம்ம சம்பள நாள் என்பாள்.

"ஆமா. உங்க ஸ்கூல்லதான்."

"அங்க எதுக்கு அக்கா?" இளையவள் ஊசியிலிருந்து நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. "பாப்புவுக்குச் சரிப்படுமா? சத்தம் காது கிழியும். நம்ம பாப்பு அமைதியான பிள்ள."

"பழகிக்குவா."

"பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தெரியுமா?"

"ஒரு கதவுலதான் இல்ல. கயிறு கட்டியிருக்கு."

இளையவள் நிமிர்ந்தாள். "போனீங்களா?"

"போனேன்."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லல."

இளையவள் பேண்ட்டைத் திருப்பிப் போட்டாள். "ஃபேன் ஓடாது."

"நடையில ஒண்ணுதான் ஓடல. வகுப்புல ஓடுது."

"சுவரு வெடிச்சிருக்கு."

"பூச்சுதான். உள்ள ஒண்ணும் ஆகல."

"அந்தப் பிள்ளைங்க தலையில பேன் வரும் அக்கா. வாலுவுக்கு எத்தன தடவ பாத்தாச்சு."

"எல்லா ஸ்கூல்லயும் வரும். பாப்பு தலையில இல்லன்னா நெனைக்கற?"

"அந்த சார மாத்திடுவாங்க. எப்ப வேணா மாத்திடுவாங்க. அவரு போனா அங்க ஒண்ணுமே கிடையாது. அப்புறம் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

"மாத்தினா இன்னொருத்தர் வருவாரு."

"விரல் விட்டுத்தான் எண்ணச் சொல்லிக் குடுப்பாங்க!"

"இருக்கிற விரலத்தானே," என்றாள் மூத்தவள்.

இரண்டு வருஷமாக மூத்தவள் சொன்னதையெல்லாம் இளையவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அதே வரிசையில், அதே வேகத்தில். அந்தக் குரல் மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். இப்படி ஒரு குரல் ஒரு பள்ளிக்கூடத்தைத் திட்டினால், அது நல்ல பள்ளிக்கூடம். இதைவிட நம்பகமான பரிசோதனையை அவள் பார்த்ததில்லை. அவளிடம் இருந்த கடைசிச் சந்தேகமும் அங்கே தீர்ந்தது.

இளையவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை.

"கீழ் வீடு உங்களுக்கு. வேலை உங்களுக்கு. மாமியார் போற வரைக்கும் உங்க பேரத்தான் சொல்லிக் கூப்பிட்டாங்க, என்னயக்கூட. இது ஒண்ணுலதான் அக்கா உங்கள ஜெயிச்சேன்."

"நீ ஜெயிச்சது தெரியும்."

"தெரியுமா?"

"தினமும் கேக்குமே. கூரை என்ன அவ்வளவு கெட்டியா?"

இளையவள் கொஞ்சம் மகிழ்ந்தாள். மறைக்கவில்லை. பேண்ட்டை மடித்து வைத்தாள். "சேருங்க. நான் யாரு தடுக்க? ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ஒரே பெஞ்சுல உக்கார வெக்கச் சொல்லிடாதீங்க. வாலு பேசிக்கிட்டே இருப்பா. பாப்பு படிக்கணும்ல."

"நானும் அதத்தான் கேட்டேன். ஒரே பிரிவுதானாம்."

"நீங்க ஏன் கேட்டீங்க?"

மூத்தவள் எழுந்தாள். "பாப்புவால வாலு படிப்பு கெடக் கூடாதுல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இளையவள் மெஷினை மிதித்தாள். துணி இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடியது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பிள்ளைகள் இருவரும் ஒன்றாகப் போனார்கள். அவர்கள் தெருமுனையை அடையும்வரை அம்மாக்கள் இருவரும் வீட்டு கேட்டில் நின்று பார்த்தார்கள். பாப்பு டை இல்லாத கழுத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வாலு அவளுக்காக இரண்டு இடத்தில் நின்றாள்.

"பாப்பு கொஞ்சம் மெதுவா நடக்கறா," என்றாள் இளையவள்.

"வாலுவுக்கு வழி பழக்கம்," என்றாள் மூத்தவள்.

அன்று மூத்தவள் மதியத்துக்கு மேல் ரத்தம் எடுக்கும் வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தாள். பிள்ளைகள் சேர்ந்தே திரும்பினார்கள். வாலு படியேறி மேலே ஓடினாள். பாப்பு கீழே வந்து, செருப்பைக் கழற்றி, சுவரோரம் ஜோடியாக வைத்தாள்.

"என்ன நடந்துச்சு?"

"சார் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"எது வரைக்கும் தெரியும்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

மூத்தவள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "அப்புறம்?"

"நின்னுக்கிட்டே இருந்தேன். அவரும் நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நாளைக்குச் சொல்லு, அவசரமில்லன்னாரு. அப்புறம் ஒரு பையன் கீழ விழுந்தான். பல்லு ஆடுது. எங்கிட்ட காட்டினான். ரத்தம் வந்துச்சு, எங்கம்மா ரத்தம் எடுக்கறவங்கன்னு சொன்னேன், எல்லாரும் என்னச் சுத்தி நின்னுட்டாங்க." மூச்சு வாங்கினாள். தண்ணீரைக் குடித்தாள். இவ்வளவு பேச்சை ஒரே நேரத்தில் மூத்தவள் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். வாசலைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வாலுவ என்ன கேட்டாரு?"

"அவளயா?"

"ம். அவ சரியா சொன்னாளா?"

பாப்பு அம்மாவைப் பார்த்தாள். "நான் சொல்லிக்கிட்டிருக்கேன்ல," என்றாள்.

"சொல்லு, சொல்லு."

பாப்பு பல்லுக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூத்தவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு காதால்தான் கேட்டாள். மேலே மெஷின் ஓடவில்லை. வாலுவின் குரலும் இன்று இறங்கி வரவில்லை. அங்கேயும் யாரோ குரலைத் தணித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.